டிஎன்ஏ சோதனையும் ‘ஹத்தாத்’ வம்சமும்

வளைகுடா நாடு ஒன்றில் மரபணு ஆலோசகராக இருப்பதால் அரபுக் குடும்பப்பெயர்களோடுதான் என் பொழுது போகிறது. பெரும்பாலும் நோய் சம்பந்தமாக வருவார்கள். இப்போது இன்னொரு வகையினரும் சேர்ந்திருக்கிறார்கள். இணையத்தில் வம்சாவளி டிஎன்ஏ சோதனைக் கிட் வாங்கி, குழாயில் எச்சில் துப்பி அனுப்பி, வந்த முடிவைக் கைப்பேசியில் நீட்டி, “இதை வைத்து நான் எந்த வம்சம் என்று சொல்லுங்கள்” என்பவர்கள். அவர்களில் ஹத்தாத் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் சொல்லும் கதைகள் எனக்குத் தனி சுவாரசியம். லெபனான் கிறிஸ்தவர் தன்னை, அந்தக் கடற்கரையில் பழங்காலத்தில் வாழ்ந்த ஃபீனிஷியர் வழி என்பார். ஜோர்டான்காரர் இஸ்லாத்துக்கு முந்தைய கஸ்ஸானிய அரபு அரச வம்சம் என்பார். ஏமன்காரர் நபிகளின் பேரர் வழி என்பார். பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஹத்தாத் என்றால் கொல்லர், இரும்பு அடிப்பவர். ஏரும் லாடமும் கதவுக் கீலும் வேண்டாத ஊர் எது? மொரோக்கோவிலிருந்து ஈராக் வரை ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார். அவர் பிள்ளைகள் ‘கொல்லர் வீட்டுப் பிள்ளைகள்’ ஆனார்கள். பிறகு அரசுப் பதிவேடு வந்தபோது அதுவே குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. இந்த உறைதல் பல இடங்களில் மிகவும் பிந்தியது. அல்ஜீரியாவில் எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் என்பதே 1882-இல் பிரெஞ்சு ஆட்சி போட்ட சட்டத்தால் வந்தது. துனீசியாவில் அதற்கான சட்டம் 1959-இல்தான் வந்தது. அதற்கு முன் ‘இன்னாரின் மகன் இன்னார்’ போதும்.

இந்தப் பெயரோடு வரலாற்றில் இருப்பவர்களைக் கொஞ்சம் பாருங்கள். 1906 முதல் 1928 வரை அந்தியோக்கியாவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவராக (திருச்சபைத் தலைவராக) இருந்த நான்காம் கிரிகோரியோஸ் ஹத்தாத், லெபனான் மலைக் கிறிஸ்தவர். பெண்ணுரிமைக்காக எழுதி மதவாதிகளிடம் வசை வாங்கிய தாஹர் ஹத்தாத் (1899–1935), துனீசிய முஸ்லிம். எஸ்ரா ஹத்தாத், ஈராக்கிய யூத எழுத்தாளர். 2018-இல் பிரேசில் அதிபர் தேர்தலில் நின்று தோற்ற பெர்னாந்து ஹத்தாத், லெபனானிலிருந்து போன தந்தையின் மகன். அல்ஜீரியாவின் கபிலியா மலைகளில் 1871-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ச்சியை அறிவித்த ஷேக் அஹத்தாத், பெர்பர், அதாவது அரபியருக்கு முன்பிருந்தே வட ஆப்பிரிக்காவில் வாழும் இனத்தவர். ‘அஹத்தாத்’ என்பது இதே பெயரின் பெர்பர் வடிவம். இத்தனை பேரையும் ஒரே தாத்தாவின் கீழ் கொண்டுவர முடியாது.

இணையத்தில் சுற்றும் ஒரு கதையையும் இங்கேயே தள்ளி வைத்துவிடலாம். பழைய கானானியரின் புயல் தெய்வம் ஹதாதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது அந்தக் கதை. அரபியில் இரண்டு வெவ்வேறு ‘ஹ’ உண்டு. தெய்வத்தின் பெயரில் இருப்பது ஒன்று, கொல்லரின் பெயரில் தொண்டை ஆழத்திலிருந்து வரும் மற்றொன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வந்த குழப்பம்தான் இது. எழுத்தைப் பார்த்து ஏமாற இன்னொரு வழியும் உண்டு. இஸ்ரேலியப் பாடகி சரித் ஹதாத் பிறந்தபோது அவர் குடும்பப்பெயர் ஹுதாதாதோவ். காக்கசஸ் மலை யூதக் குடும்பம். மேடைக்காகச் சுருக்கிய பெயர்தான் ஹதாத். அவர் பேரப்பிள்ளை ஒருவர் நாளை அரபு வேரைத் தேடிச் சோதனை செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஒரே ஊரில், ஒரே குலமாக அறியப்படும் ஹத்தாத்களாவது ஒரே வழியா? இதற்குப் பாலஸ்தீன ஊரான ரமல்லாவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த ஊரை நிறுவியவர் ரஷீத் அல்-ஹத்தாதின் என்பது ஊர்க் கதை. இன்றைய ஜோர்டானின் கரக் பகுதியில் இருந்த கிறிஸ்தவக் குலத்தவர். பெண் கேட்டு வந்த ஒரு பகையால் குடும்பத்தோடு கிளம்பி, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோர்டான் ஆற்றைக் கடந்து வந்து, பக்கத்து ஊரான அல்-பீராக்காரர்களிடம் நிலம் வாங்கினாராம். ஏன் அந்த இடம்? உலைக்கு விறகு தரும் காடு அங்கே இருந்தது என்கிறார்கள். கொல்லருக்குத் தோன்றக்கூடிய காரணம்தான்! அவருடைய ஐந்து பிள்ளைகளின் வழியாகத்தான் ஊரின் பழைய கிறிஸ்தவக் குலங்கள் வந்தன என்பது இன்றும் சொல்லப்படுவது.

இதன் பக்கத்தில் 1596-ஆம் ஆண்டின் ஒட்டோமான் வரிப் பதிவேட்டை வைத்துப் பாருங்கள். ரமல்லாவில் 71 கிறிஸ்தவக் குடும்பங்கள், 9 முஸ்லிம் குடும்பங்கள். ஊர்க் கதையின் காலக்கணக்கு சரி என்றால் ரஷீத் வந்து ஓரிரு தலைமுறைதான் ஆகியிருக்கும். ஐந்து பிள்ளைகள் அதற்குள் 71 குடும்பமாகப் பெருகுவது கடினம். ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள், மருமகனாக வந்து தங்கியவர்கள் எல்லோரும் காலப்போக்கில் அந்தக் குலக்கதைக்குள் வந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரபு உலகில் இது புதிதல்ல. இஸ்லாத்தின் தொடக்கக் காலத்திலேயே அரபு அல்லாதவர்கள் ஒரு கோத்திரத்தின் ‘மவாலி’ ஆக, அதாவது அதைச் சார்ந்தவர்களாகச் சேர்ந்து அந்தக் கோத்திரப் பெயரையே தாங்கினார்கள். குலம் என்பது ரத்தத்தோடு சேர்த்துப் பாதுகாப்பும் ஆதரவும் கலந்த ஏற்பாடு.

இனி சோதனைக்கு வருவோம். தகப்பன் வழியைத் தேடுகிறவர்கள் பார்ப்பது ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வரும். இடையிடையே நேரும் சின்னச் சின்ன மாற்றங்களை வைத்துக் கிளை பிரிப்பார்கள். அந்தக் கிளைகளுக்குத்தான் ஜே1, ஜே2, இ-எம்81 என்றெல்லாம் பெயர். குடும்பப்பெயரும் அப்பா வழியே வருவதால் இரண்டும் கைகோத்துப் போகும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் ஒய் குரோமோசோம் நம் டிஎன்ஏவில் சுமார் 2 சதவீதம்தான். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் இந்தச் சோதனை பேசுகிறது. மற்ற 1,023 பேர் அந்த அறிக்கையில் இல்லை. பெண்களுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது. அப்பாவோ சகோதரனோ எச்சில் கொடுத்தால்தான் உண்டு.

அந்த ஒரு வழிகூட அறுபடும். தத்து, மறுமணத்தில் வந்த பிள்ளை, வெளியே சொல்லாத விஷயங்கள். ஐரோப்பிய வம்சாவளிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஊர் வம்பு சொல்வதைவிட மிகக் குறைவு. ஆனால் ரஷீத் காலத்திலிருந்து இன்று வரை 15 தலைமுறை என்று வைத்தால், அந்தச் சின்ன விகிதமே சேர்ந்து ஏழில் ஒரு வழியை அறுத்துவிடும். எனவே உங்கள் ஒய் முடிவு பங்காளியுடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் பாட்டியைச் சந்தேகப்படாதீர்கள். எந்தத் தலைமுறையில், எந்தப் பக்கத்தில் என்று ஒரு அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன சகோதரர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்பெயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் ஆய்வு இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களை எடுத்து ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டது. அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்க்காரர்களில் பெரும்பாலானோர் ஒரே கிளையில் விழுந்தார்கள். ஸ்மித் பெயர்க்காரர்களோ, தெருவில் போகிற யாரையோ பிடித்து வந்து ஒப்பிட்டதுபோல் சிதறிக் கிடந்தார்கள். ஸ்மித் என்றாலும் கொல்லர்தான். ஹத்தாத்துக்கும் இதே கதி என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

வட்டார வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏமனிலும் அரேபியத் தீபகற்பத்திலும் ஜே1 மிகுதி. லெபனானில் ஜே2 நிறைய, கூடவே ஜே1, இ, ஆர்1பி எல்லாம் கலந்திருக்கும். துனீசியா, அல்ஜீரியாவில் அரபு பேசுபவர்களிடம்கூட இ-எம்81 ஓங்கியிருக்கும். அது பெர்பர்களின் அடையாளக் கிளை. ஆகவே ஒரு துனீசிய ஹத்தாத்துக்கு இ-எம்81 வந்தால் ‘என் பெயர் பொய்’ என்று நினைக்கத் தேவையில்லை. அவருடைய முன்னோரான கொல்லர் அந்த மண்ணின் மனிதர், மொழி பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

லெபனான்காரர்களின் ஃபீனிஷியக் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. லெபனானின் சைதா நகரில் தோண்டியெடுத்த, சுமார் 3,700 ஆண்டு பழைய கானானியர் ஐந்து பேரின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏவைப் படித்து 2017-இல் வெளியிட்டார்கள். இன்றைய லெபனானியரின் மரபணு வம்சத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த மக்களோடு தொடர்புடையது என்பது முடிவு. ஃபீனிஷியர் அந்தக் கானானியரின் வழிவந்தவர்களே. இது மக்கள்தொகையைப் பற்றிய செய்தி. ஹத்தாத் என்ற பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூரி, மன்சூர் என்று வேறு குடும்பப்பெயர் உள்ள பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இதே பதில்தான். கஸ்ஸானியக் கேள்விக்கு அதுகூட இல்லை. 636-இல் முஸ்லிம் படைக்கு எதிரான யர்மூக் போரில் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) பக்கம் நின்ற கஸ்ஸானிய அரசர் ஜபலாவின் டிஎன்ஏ யாரிடமும் இல்லை, எதோடு ஒப்பிடுவது?

தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு ஹத்தாத் என்றதும் இவர்கள் யாரும் நினைவுக்கு வந்திருக்க மாட்டார்கள். பள்ளிவாசலில் ஓதும் ஹத்தாத் ராத்திபு என்ற பிரார்த்தனைத் தொகுப்புதான் வந்திருக்கும். அதைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் பின் அலவி அல்-ஹத்தாத் (1634–1720), ஏமனின் ஹளரமௌத்தில் தரீம் நகரத்தவர். சிறுவயதில் அம்மையால் பார்வை இழந்தவர். அவர் பா அலவி சையத் குடும்பம், அதாவது நபி வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம். கொல்லர் குடும்பமே அல்ல. முன்னோர் ஒருவர் கொல்லர் பட்டறையில் போய் உட்காரும் வழக்கம் உள்ளவர், அதனால் வந்த பட்டப்பெயர் என்று சொல்லப்படுகிறது. இந்தக் குடும்பங்கள் கேரளம், ஜாவா, சுமத்ரா வரை பரவின. வம்சாவளியை ஏட்டில் எழுதிக் காப்பதில் பெயர்பெற்றவர்கள். இந்தோனேசியாவில் 1928-இல் தொடங்கிய ராபிதா அலவியா அமைப்பு இன்றும் அந்தப் பதிவை நடத்துகிறது.

அங்கேதான் சில ஆண்டுகளாக டிஎன்ஏவை வைத்துப் பெரிய சண்டை. சோதனை செய்த சிலருக்கு ஜே1 வரவில்லை, ஆகவே நபி வழி இல்லை என்று ஒரு தரப்பு. ஏடுகள் பொய்யா என்று மறு தரப்பு. நான் யார் பக்கமும் இல்லை. சோதனை சொல்லக்கூடியது இதுதான்: சோதனை செய்துகொண்டவர்களுக்குள் ஒரு பொதுத் தகப்பன் இருக்கிறாரா, ஏறக்குறைய எத்தனை தலைமுறைக்கு முன் என்பது. அந்தத் தகப்பனின் பெயரை அது சொல்லாது. நபி குடும்பத்தவர் யாருடைய டிஎன்ஏவும் ஒப்பிட நம்மிடம் இல்லை. நம் துணைக்கண்டத்தின் சையத்களைப் பற்றி 2010-இல் வந்த ஓர் ஆய்வும் நிதானமாகத்தான் பேசியது. அவர்களிடம் அரபுத் தொடர்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் அண்மைக்கால ஒரே தகப்பன் வழி என்பதற்கு அடையாளம் இல்லை.

‘லெவான்ட் (லெபனான், சிரியா வட்டாரம்) 62, அரேபியா 21’ என்று வண்ண வரைபடம் போட்டு வரும் சதவீதங்களுக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. நிறுவனம் யாரையெல்லாம் மாதிரியாக வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்த கணக்கு அது. மாதிரி மாறினால், அடுத்த வருடம் நீங்களும் மாறுவீர்கள். ஆனால் தரவு எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடவுச்சொல்லை மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. உங்கள் எச்சிலில் உங்கள் அண்ணன் தம்பிகளின் தகவலும் பாதி இருக்கிறது, அவர்களைக் கேட்டீர்களா?

என் அறையில் நான் கேட்கும் கேள்விகள் வேறு. தாத்தா பாட்டி நால்வரும் எந்த ஊர்? சொந்தத்தில் திருமணம் உண்டா? யாராவது ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனார்களா? காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் வந்து தானே போகுமா? கடைசிக் கேள்வி, மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சலுக்காக. அரபியர், ஆர்மேனியர், துருக்கியர், யூதர்களிடம் அதிகம் காணப்படும் நோய். கோல்சிசின் மாத்திரையில் அடங்கும். இது தெரியாமல், குடல்வால் வலி என்று நினைத்து அறுவை செய்துகொண்டு வருபவர்களும் உண்டு.

மாரடைப்புக் கேள்வி குறிப்பாக லெபனான் குடும்பங்களுக்கு. பரம்பரை அதிகக் கொழுப்பு நோயை பெய்ரூத்தில் மருத்துவர் கச்சாதூரியன் 1964-இலேயே விவரித்தார். அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்துக்கு மருத்துவ நூல்களில் ‘லெபனான் அல்லீல்’ என்றே பெயர். அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, கடுமையான வடிவம் வர. அந்தப் பிள்ளைக்கு முழங்கையிலும் குதிகால் தசைநாரிலும் மஞ்சள் கட்டிகள் தெரியும், பதின்வயதிலேயே இதயம் அடைபடலாம். இதற்கு முதலில் வேண்டியது வம்சாவளிக் கிட் அல்ல, சாதாரண ரத்தப் பரிசோதனை. பெரியவர்களுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 190 மி.கி./டெ.லி.-க்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கல்யாணமாகி வேறு குடும்பப்பெயருக்குப் போய்விட்ட அக்கா பிள்ளைகளையும் சேர்த்து.