மூக்கைத் தேடிப்போன தும்மல்

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “மகளுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எஸ், என் என்று தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்தன. ஸ்னோர் என்றால் குறட்டை, ஸ்னிஃப் என்றால் மோப்பம் பிடிப்பது, ஸ்னவுட் என்றால் விலங்கின் மூக்கு, ஸ்னாட் என்றால் மூக்குச்சளி, ஸ்னீஸ் என்றால் தும்மல். ‘ஏம்மா எல்லாமே மூக்காவே இருக்கு?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.”

அந்தப் பெண்ணுக்குக் காது நல்ல காது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் வாலிஸ் இதைக் கவனித்திருக்கிறார். கணக்கில் முடிவிலிக்குப் போடுகிறோமே, படுத்துக்கிடக்கும் எட்டு, அதை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அவரே ஆங்கிலத்துக்கு லத்தீனில் ஓர் இலக்கணமும் எழுதினார். ‘ஸ்ட்ர்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் வலிமையும் முயற்சியும் தெரிகின்றன என்று அதில் பட்டியல் போட்டார். ஸ்ட்ராங், ஸ்ட்ரெட்ச், ஸ்ட்ரைவ் என்று நாமே சொல்லிப் பார்க்கலாம். 1930இல் ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் இத்தகைய ஒலித்துண்டுக்கு ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார்.

மூக்குக் குடும்பம் போலவே வெளிச்சக் குடும்பமும் ஒன்று உண்டு. ஜி, எல் என்று தொடங்குபவை: கிளோ, கிளீம், கிளிட்டர், கிளேர், கிளின்ட். ஒளிர்வது, மினுங்குவது, பளபளப்பது, கண் கூசுவது, சட்டென மின்னுவது. ஆங்கில எழுத்து வழக்கிலிருந்து திரட்டிய ஒரு தொகுப்பில் எண்ணிப் பார்த்தபோது, இப்படித் தொடங்கும் சொற்களில் 39 சதவீதம் ஒளியையோ பார்வையையோ குறித்தன. எத்தனை முறை புழங்குகின்றன என்று கணக்கிட்டால் அது 60 சதவீதம்.

அப்படியானால் இந்த ‘கிள்’ ஒரு முன்னொட்டா? இல்லை. முன்னொட்டைக் கழற்றினால் மிச்சம் பொதுவாக ஒரு சொல்லாக நிற்கும். ‘அன்ஹேப்பி’யில் அன் போனால் ஹேப்பி இருக்கும். கிளிட்டரில் முதல் இரண்டு எழுத்தை எடுத்தால் ‘இட்டர்’. அதற்கு ஒரு பொருளும் கிடையாது.

மொழியியல் பாடத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது, ஒலிக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு கிடையாது என்பதுதான். சுவிஸ் மொழியியலாளர் சசூரின் விரிவுரைகள் 1916இல் நூலாக வந்ததிலிருந்து இது ஏறக்குறைய வேதவாக்கு. நம் தொல்காப்பியம் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது. எனக்கு இந்த வாக்கியம்தான் அதிகம் பிடிக்கும். காரணமே இல்லை என்று அது அடித்துச் சொல்லவில்லை. பார்த்தவுடன் பளிச்சென்று தெரியாது என்கிறது. சரி, கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

பாதி விஷயம் வெறும் வம்சாவளி. கிளோ, கிளாஸ், கிளிட்டர் மூன்றும், ஒளிர்தலைக் குறித்த ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை என்று கருதப்படுகிறது. கோல்டும் எல்லோவும்கூட அந்த வேர்தான். மகிழ்ச்சியைக் குறிக்கும் கிளாட், பழைய ஆங்கிலத்தில் ‘ஒளிரும்’ என்ற பொருளையும் கொண்டிருந்தது. அண்ணன் தம்பிகளுக்கு ஒரே முகஜாடை இருப்பதில் அதிசயம் என்ன?

என்னைக் கட்டிப்போடுவது அடுத்த பாதி. ரத்த உறவே இல்லாத சொற்கள், சாயலைப் பார்த்துக் குடும்பத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கிளான்ஸ் என்ற சொல்லுக்கு இன்று ஒரு பார்வை பார்ப்பது என்று பொருள். அது முதலில் ஆயுதம் நேராகப் படாமல் வழுக்கிக்கொண்டு போவதைக் குறித்தது. வழுக்குவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் அது கண்ணுக்கு வந்துவிட்டது. ‘கிள்’ என்று தொடங்கிய தோஷம், வெளிச்சக் கூட்டம் இழுத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தும்மலின் கதை இதைவிட ருசியானது. பழைய ஆங்கிலத்தில் தும்முவதற்கான சொல் ‘ஸ்ன்’ என்று தொடங்கவே இல்லை. ‘ஃப்நேயோசன்’ என்று ‘ஃப்ந்’தில் தொடங்கியது. சொல்லிப் பாருங்கள், பாதித் தும்மல் வந்துவிடும். மூச்சுக்கும் அன்று ‘ஃப்நாஸ்ட்’ என்று ஒரு சொல் இருந்தது. ஆக, ‘ஃப்ந்’தும் ஒரு காலத்தில் மூச்சுவிடும் குடும்பம்தான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதும்போதுகூடத் தும்மல் ‘ஃப்ந்’தோடுதான் இருந்தது. அப்புறம் ஆங்கிலேயர் நாக்குக்கு அந்தத் தொடக்கம் ஒத்துவராமல் போயிற்று. இன்று ஆங்கிலத்தில் அப்படித் தொடங்கும் சொல்லே இல்லை எனலாம். வீடு இடிந்தால் குடியிருப்பவர் எங்கே போவார்? 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தும்மல் ‘ஸ்ன்’ வீட்டில் குடியேறிவிட்டது.

எப்படிக் குடியேறியது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அக்காலக் கையெழுத்தில் எஸ் நீளமாக, கிட்டத்தட்ட எஃப் போலவே இருக்கும். நடுக்கோடு மட்டும்தான் வித்தியாசம். படித்தவர்கள் ஒன்றை மற்றொன்றாக வாசித்திருக்கலாம். அல்லது முதல் ஒலி தேய்ந்து ‘நீஸ்’ என்று மெலிந்துபோன சொல்லுக்கு, தெம்பு ஏற்ற ஒரு எஸ் சேர்ந்திருக்கலாம். எது உண்மையானாலும், குறட்டையும் மோப்பமும் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து இடம் பிடித்து வைத்திருந்ததால்தான் தும்மல் நிலைத்தது. எழுத்துப் பிழைகள் ஆயிரம் நடக்கும். காதுக்குப் பொருந்தும் பிழைதான் அகராதிக்குள் நுழையும்.

இதெல்லாம் அகராதியில் மட்டும்தானா, பேசுகிறவர் தலைக்குள்ளும் நடக்கிறதா? பெஞ்சமின் பெர்கன் என்ற மொழி ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. திரையில் ஒரு சொல் வந்துபோகும். அடுத்து வருவது உண்மையான சொல்லா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் கிளிட்டர், அடுத்து கிளோ என்று வந்தால், தொடர்பில்லாத சொல்லுக்குப் பின் வருவதைவிட ஏறத்தாழ 60 மில்லி விநாடி முன்னதாகவே விரல் அழுத்தியது. ஒலி மட்டும் ஒத்த ஜோடிக்கும், பொருள் மட்டும் ஒத்த ஜோடிக்கும் இந்த அளவு வேகம் வரவில்லை. ஒரே மாதிரி சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூளை தானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. யாரும் அதற்கு விதி சொல்லித்தரவில்லை.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. வெளிச்சத்துக்கு ஓசை கிடையாது, எனவே ‘கிள்’ குடும்பத்தின் பழக்கம் மட்டுமே. மூக்குக்கு அப்படியா? ந, ம என்று சொல்லும்போது காற்று மூக்கு வழியாகத்தான் போகிறது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, உலக மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டது. மூக்கைக் குறிக்கும் சொல்லில் ‘ந்’ ஒலி எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வந்தது. நம்மிடம் நுகர்தல் இருக்கிறது. மூக்கு, மூச்சு, முகர்தல் என்று மூக்கொலியில் தொடங்குபவையும் இருக்கின்றன. ஆனால் இவற்றில் சில ஒரே வேரில் பிறந்தவையாக இருக்கலாம். தனித்தனிச் சாட்சியாக எண்ணிவிடக் கூடாது.

அந்த ஆய்வுக்கு அடித்தளம், பலர் பல ஆண்டுகள் உட்கார்ந்து சேர்த்த சொற்பட்டியல்கள். பட்டியல் போடும் வேலைக்கு நிதி கேட்டால் ‘இதில் என்ன கண்டுபிடிப்பு?’ என்பார்கள். பட்டியல் இல்லாமல் எதைக் கண்டுபிடிப்பது?

இதைச் சாக்காக வைத்து, பெயரின் முதல் எழுத்தில் தலைவிதி இருக்கிறது என்று யாராவது கிளம்பினால், அவரிடம் கிளவ் என்ற கையுறையையும் கிளூ என்ற பசையையும் காட்டுங்கள். இரண்டிலும் துளி வெளிச்சம் கிடையாது. ஸ்னோ என்ற பனிக்கும், ஸ்னேக் என்ற பாம்புக்கும் மூக்கோடு ஒரு சங்காத்தமும் இல்லை. குடும்பச் சாயல் பலருக்கு இருக்கும். எல்லாருக்கும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்த மகளிடம் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். அகராதியில் தேட வேண்டாம், இரண்டுக்கும் பொருள் நானே வைத்தது: ஸ்னர்ப், கிளிஸ்க். ஒன்று தூரத்தில் மினுங்கும் விளக்கு, மற்றொன்று ஜலதோஷக்காரர் போடும் சத்தம். எது எது என்று கேளுங்கள்.