ஒரு கிராம் கருவி பறவையின் வழியை எப்படிச் சொல்கிறது?

"உள்ளான் என்ற சிறு கரைப்பறவையின் காலில் கட்டும் கருவியில் ஜி.பி.எஸ். கிடையாது, சிம் கார்டும் கிடையாது என்கிறார்கள். பிறகு அது போய்வந்த வழி எப்படித் தெரிகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் சுமை கூடாது என்பது பொதுவான வரம்பு. கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம். அதற்கு முக்கால் கிராம்தான் கட்டலாம். அதற்குள் அடங்குபவை ஓர் ஒளி உணரி, கடிகாரம், நினைவகம், சின்ன பேட்டரி. ஜியோலொக்கேட்டர் என்ற இந்தக் கருவி அவ்வளவுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளிச்சத்தின் அளவைக் குறித்துக்கொள்ளும்; வேறொன்றும் செய்யாது.

விடியலுக்கும் அந்திக்கும் நடுப்புள்ளி அங்குள்ள நண்பகல். பூமி 4 நிமிடத்தில் 1 டிகிரி சுழல்வதால், நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகை கிடைத்துவிடும். பகலின் நீளம் அட்சரேகையைத் தரும். பள்ளிப் பாடம்தான்.

வேடிக்கை இனிமேல்தான். பழவேற்காட்டில் ஒரு பறவை நிற்கிறது. காலையில் மேகம் மூடியதால் விடியல் 4 நிமிடம் தாமதமாகப் பதிவாகிறது. நண்பகல் 2 நிமிடம் தள்ளிப்போகும். அரை டிகிரி, அதாவது 55 கி.மீ. பிழை. இது எல்லா மாதத்திலும் இப்படியே. ஆனால் அட்சரேகை? டிசம்பர் 21 என்றால் சுமார் 120 கி.மீ. வடக்கே தள்ளும், பரவாயில்லை. அதே 4 நிமிடம் செப்டம்பர் 25 அன்று பறவையை ஏறத்தாழ 2,500 கி.மீ. தூக்கி, திபெத்துக்கு வடமேற்கே குன்லுன் மலையில் வைத்துவிடும்! பகலும் இரவும் சமமாகும் சமநாளை ஒட்டி உலகம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அட்சரேகைக்கு அட்சரேகை வித்தியாசமே இல்லாதபோது எதை வைத்துக் கணக்கிடுவது? பறவைகள் பெருங்கூட்டமாகக் கிளம்பும் மார்ச், செப்டம்பரில்தானா இது நேர வேண்டும்! சமநாளை ஒட்டிய வாரங்களின் அட்சரேகையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள்.

கடற்பறவை என்றால் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. சில கருவிகள் நீரில் நனையும்போது வெப்பநிலையையும் பதியும். அதைச் செயற்கைக்கோள் எடுத்த கடல்பரப்பு வெப்ப வரைபடத்தோடு பொருத்தினால் அட்சரேகை பிடிபடும். சூரை மீன்களுக்கும் இதே உத்திதான்.

இவ்வளவுக்கும் அடிப்படை, அதே பறவையை மறுபடி பிடிப்பது. கருவி எதையும் அனுப்பாது. கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகளுக்கு 1.4 கிராம் கருவி கட்டி, 11 பறவைகளிடமிருந்து திரும்ப எடுத்தார்கள். ஆண்டுக்குச் சராசரி 70,900 கி.மீ. பறக்கின்றன என்று 2010இல் வெளியான கணக்கு அந்தப் பதினொன்றிலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மட்டும் நிதி ஒதுக்கிப் பறவை ஆய்வை நடத்தச் சொல்வது இதனால்தான் எனக்கு அபத்தமாகப் படுகிறது: கருவி வாங்கப் பணம் இருக்கும், மறு ஆண்டு வலை கட்டும் ஆளுக்குக் கூலி இருக்காது.

திரும்பக் கிடைத்த கருவியை முதலில் துல்லியமான கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஓராண்டில் அது 4 நிமிடம் முந்தியிருந்தால், அந்தப் பிழையை நாள்வாரியாகப் பகிர்ந்து கழிக்க வேண்டும். விட்டுவிட்டால் கடைசி நாளில் மட்டும்தான் 1 டிகிரி மேற்கே தள்ளியிருக்கும் என்றில்லை. அந்தச் சாய்வு பயணப் பாதை நெடுகிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும்.