16 கேமரா, ஒரே திரை: மூஞ்சி மட்டும் ஏன் தெரிவதில்லை?

போன வருஷம் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி காலையிலேயே போன் பண்ணினார். "தம்பி, கல்லாவுல கை வெச்சிட்டான். கேமராவுல ஆள் தெரியிறான், மூஞ்சிதான் தெரியல. நீ போட்ட கேமரா சரியில்லையே" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், மானிட்டரில் 16 கட்டம் ஓடுகிறது. கல்லா கேமரா தெரியும் கட்டத்தை அவர் மகன் செல்போனில் படம் பிடித்து, அதையே போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நான் பிளேபேக் போய், அந்த ஒரு கேமராவை மட்டும் எடுத்து முழுத்திரையில் ஓட்டினேன். மூஞ்சி வந்தது. "இது முதல்லயே உள்ள இருந்துச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பதிவை அல்ல, 16 படத்தையும் சுருக்கி ஒன்றாக ஒட்டிய படத்தை.

கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர் 1920 x 1080 பிக்சல். அதைக் குறுக்கே 4, நெடுக்கே 4 என்று பிரித்தால் ஒரு கேமராவுக்குக் கிடைப்பது 480 x 270. ஃபுல் எச்டி கேமரா ஒன்று 6 மீட்டர் அகல வாசலைப் பார்க்கிறது என்றால் முழுப் பதிவில் ஒரு மீட்டருக்கு 320 பிக்சல், கட்டத்தில் வெறும் 80. முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காட்ட மீட்டருக்கு 250 வேண்டும், பழகின ஆளைக் கண்டுபிடிக்க 125 போதும் என்பது எங்கள் தொழிலில் வைத்திருக்கும் அளவுகோல். 80-ல் யாரோ சட்டை போட்ட ஒருத்தன் என்பதுவரைதான் தெரியும்.

போதாக்குறைக்கு, ஐபி கேமராவில், அதாவது நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கேமராவில், ஒரே படம் இரண்டு தரத்தில் வரும். பதிவாவது மெயின் ஸ்ட்ரீம், கட்டத்தில் காட்டுவது பெரும்பாலும் தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம். கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆரைக் குறை சொல்லவும் முடியாது, 16 படத்தையும் ஒரே நேரத்தில் முழுத் தரத்தில் விரித்துக் காட்டும் சக்தி பெரும்பாலும் அதற்கு இருக்காது.

சரி, 55 இன்ச் டிவி வாங்கி மாட்டினால்? டிவி ஃபுல் எச்டி என்றால் அதே பிக்சல்தான், பெரிதாக மங்கும், அவ்வளவுதான். 4கே என்றால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டு. 3840 x 2160, அதாவது நாலு ஃபுல் எச்டி படம் குறையாமல் அப்படியே உட்காரும், 16 ஆகப் பிரித்தாலும் ஒன்றுக்கு 960 x 540 கிடைக்கும். ஆனால் 4கே டிவி மாட்டிவிட்டு என்விஆர் செட்டிங்கில் அவுட்புட்டை 1080-லேயே விட்டு வைத்திருக்கும் கடைகள் நான் பார்த்ததில் ஏராளம். நடுவில் ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுக்கும் மலிவான எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் இருந்தாலும் அதேதான், அவற்றில் பல 1080-க்கு மேல் விடாது. இன்னொரு தொல்லை, சில டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும், ஓரத்தில் இருக்கிற தேதியும் நேரமும் அதோடு போய்விடும். டிவியின் பிக்சர் செட்டிங்கில் அதை நிறுத்தலாம்.

என்னைக் கேட்டால் எல்லாக் கேமராவுக்கும் ஒரே அளவு கட்டம் வைப்பதே வீண். மாடிப்படிக்கும் கல்லாவுக்கும் ஒரே இடமா? பெரும்பாலான என்விஆரில் ஒரு பெரிய கட்டம், சுற்றிலும் ஏழு சின்னது என்று 8 ஆகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. வாசலைப் பெரியதில் வையுங்கள். ஃபுல் எச்டி மானிட்டரிலேயே அதற்கு 1440 x 810 கிடைக்கும், நான் சொன்ன வாசலுக்கு மீட்டருக்கு 240. மிச்சக் கேமராக்களை அடுத்த பக்கத்தில் மாறி மாறி வரவிடலாம்.

ஏதாவது நடந்துவிட்டால் திரையைச் செல்போனில் எடுக்காதீர்கள், எடுத்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிவிடும், ஸ்டேஷனில் அசல் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் கேமராவின் மெயின் ஸ்ட்ரீம் பதிவை அன்றைக்கே பென் டிரைவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்புறம் என்விஆர் கடிகாரத்தையும் செல்போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். அண்ணாச்சி கடையில் என்விஆர் கடிகாரம் 11 நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.