சாலை போட்டால் ஊர் நகரும்

நெரிசல் தாங்காத சாலையை அகலப்படுத்துகிறார்கள். கொஞ்ச நாள் வண்டிகள் சீராக ஓடுகின்றன. சில ஆண்டுகளில் பழைய நெரிசலே திரும்பிவிடுகிறது. மக்கள்தொகை கூடிவிட்டது, வண்டி வாங்குவோர் பெருகிவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் சாலைக்கு இருபுறமும் உள்ள நிலத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வேலைக்குப் போக அரை மணி நேரம் செலவழிக்க ஒருவர் தயார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 10 கிலோமீட்டர் தூரம் போகலாம். சாலை அகலமாகி வேகம் 30 ஆனால், 15 கிலோமீட்டர். தூரம் கூடியது ஒன்றரை மடங்குதான். ஆனால் வேலையிடத்தைச் சுற்றி வட்டம் போட்டுப் பார்த்தால், அரை மணிக்குள் எட்டக்கூடிய பரப்பு 314 சதுர கிலோமீட்டரிலிருந்து 707 ஆகிவிடுகிறது. நேற்றுவரை யாரும் சீண்டாத வயல், இன்று வீட்டுமனை. மிச்சமாகும் நேரத்தை மக்கள் வேறு வகையில் செலவழிக்கிறார்கள்: மலிவான நிலம் தேடி இன்னும் தள்ளிப் போகிறார்கள். அப்புறம் கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் வண்டிதான். இப்படி, சாலையே வரவழைக்கும் பயணங்களைத் தூண்டப்பட்ட தேவை என்கிறார்கள். அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளின் கொள்ளளவு எவ்வளவு கூடியதோ, வண்டிகள் ஓடிய தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடியிருந்தது.

இதைத் திட்டமிடுபவர்களால் முன்கூட்டியே கணிக்க முடியாதா? கணிக்கிறார்கள். 1950களில் சிகாகோ போன்ற நகரங்களில் உருவான நான்கு கட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வட்டாரத்தைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை வேலை என்று எடுத்து, அங்கிருந்து எத்தனை பயணங்கள் கிளம்பும் என்று கணக்கிடுவார்கள். அவை எங்கே போகும் என்பதற்குப் பெரும்பாலும் நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயலில் ஒரு சூத்திரம்: பெரிய மண்டலம் அதிகம் இழுக்கும், பயண நேரம் கூடக்கூட இழுவை குறையும். அடுத்து பேருந்தா, காரா என்பது. கடைசியில் எந்த வழி என்பது.

முறை நல்ல முறைதான். ஓட்டை முதல் கட்டத்திலேயே இருக்கிறது. 20 ஆண்டு கழித்து எங்கே எத்தனை வீடு இருக்கும் என்ற எண்ணைப் பல இடங்களில் வெளியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். சாலை போட்டாலும் போடாவிட்டாலும் வீடுகள் அதே இடத்தில்தான் இருக்கும் என்று கொண்டால், எந்தப் புதுச் சாலையும் லாபமாகத்தான் தெரியும். எளிதில் போய்வரக்கூடிய இடங்களில் குடியிருப்புகள் வேகமாக வளர்கின்றன என்று ஆய்வாளர் வால்டர் ஹேன்சன் 1959இலேயே வாஷிங்டன் வட்டாரத்தை வைத்துக் காட்டியிருந்தார். சாலையால் நிலம் மாறுவதையும், மாறிய நிலத்தால் பயணம் மாறுவதையும் சேர்த்தே கணக்கிடும் மாதிரிகள் இன்று உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் ஒரு பெரிய சாலைக்கு ஒப்புதல் தருவது தவறு என்றே நினைக்கிறேன்.

கணக்கு சரியாக இருந்தாலும் அதிகாரம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. நெடுஞ்சாலை மேல்மட்ட அரசின் கையில்; கட்டட அனுமதி உள்ளாட்சியின் கையில். ஒரு நகராட்சி தன் எல்லையோரத்தில் பெரிய வணிக வளாகத்துக்கு அனுமதி தந்தால், வரி அதற்கு, நெரிசல் பக்கத்து ஊருக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஊரும் எடுப்பது நியாயமான முடிவுதான். கூட்டிப் பார்த்தால்தான் வட்டாரமே திணறுவது தெரிகிறது.

அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில் மாநிலமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட்டால்தான் மத்திய அரசின் சாலை நிதி என்று நிபந்தனை போட்டது. அதிலிருந்து வளர்ந்த வட்டாரத் திட்ட அமைப்புகளுக்குப் போக்குவரத்து நிதியை எதற்குச் செலவிடுவது என்பதில் குரல் உண்டு. நிலத்தின் மீது பெரும்பாலும் அதிகாரம் இல்லை. ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லேண்ட் விதிவிலக்கு. அங்கே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மெட்ரோ என்ற வட்டார அரசு, 24 நகரங்கள் அடங்கிய பகுதிக்கு, நகரம் எதுவரை பரவலாம் என்று குறிக்கும் வளர்ச்சி எல்லைக் கோட்டை நிர்வகிக்கிறது.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் இன்னும் நுட்பமாகப் போனது. 1947இல் வகுத்த விரல் திட்டத்தின்படி நகரம் ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாக நீளும். இடையில் பசுமை வெளி. 2007இல் இதற்குச் சட்ட வலு வந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. நிலையத்தைச் சுற்றிய அந்த 600 மீட்டர் வட்டத்தின் பரப்பு 1.13 சதுர கிலோமீட்டர்தான். கிடங்குகளும் கார் நிறுத்துமிடங்களும் அதை அடைத்துக்கொண்டால், நடந்துவந்து ரயில் ஏற ஆள் இருக்காது. இந்த விதியால் வட்டாரத்தின் 34 நகராட்சிகளில் எதுவாக இருந்தாலும், நிலையத்துக்கு எட்டாத தொலைவில் பெரிய அலுவலகத்துக்குத் தன்னிச்சையாக இடம் ஒதுக்கிவிட முடியாது.