நெஞ்சில் இருப்பது சளி அல்ல

"நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, எடுக்க முடியாமல் போய்விட்டது." இன்ஃபுளுயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சலில் இறந்தவர்களின் வீட்டார் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். இறந்தவர்களின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்வது என் வேலை. போன வாரமும் ஒருவருடையது வந்தது. நாற்பதைத் தொடாத வயது. ஆவி பிடித்து, கஷாயம் குடித்து, மூச்சு முட்டிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதே அறிக்கையை இன்னும் எத்தனை பேருக்கு எழுதுவது?

முதலில் இந்தச் சளிக் கதையை விட்டுவிடுங்கள். சளி சுரப்பது மூச்சுக்குழாய்களில். இருமினால் வரும், உறிஞ்சினாலும் வரும். வைரஸ் நிமோனியா உயிரைக் குடிக்கும் இடம் அதற்கும் கீழே, ஆக்சிஜன் இரத்தத்தில் சேரும் குட்டிப் பைகளான காற்று நுண்ணறைகளில். நம் நுரையீரல்களில் அவை சுமார் 30 கோடி. அவற்றின் மெல்லிய சுவரை வைரஸும், அதை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சியும் சேர்ந்து சிதைக்கின்றன. இரத்தத்திலிருந்து புரதம் நிறைந்த நீர் உள்ளே கசிகிறது. அந்தப் புரதமும் இறந்த செல்களும் நுண்ணறையின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சாயமேற்றிய தகட்டில் இளஞ்சிவப்புப் பட்டையாகத் தெரியும் இதை ஹயலின் படலம் என்கிறோம். எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் இதைக் கடந்து இரத்தத்தில் சேர்வது பெரும்பாடு. நல்ல நுரையீரல் துண்டு தண்ணீரில் மிதக்கும். இப்படிச் சிதைந்த நுரையீரலோ கல்லீரல் போலக் கனத்து மூழ்கிவிடும். நெபுலைசரோ ஆவியோ உறிஞ்சு குழாயோ இந்தப் படலத்தை அகற்றவே முடியாது. பிழைப்பவர்களுக்கு உடலே மெல்லச் சரிசெய்கிறது. சிலருக்குத் தழும்பாக நின்றுவிடுகிறது.

"காய்ச்சல்தான் இருந்தது, திடீரென்று மாரடைப்பு வந்துவிட்டது" என்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள். சிலருக்கு இதயத் தசைநார்களுக்கு இடையே வெள்ளணுக்கள் திரண்டிருக்க, பக்கத்துத் தசைநார்கள் மடிந்து கிடக்கும். சிலருக்கு நுரையீரலின் நுண்நாளங்களில் இரத்தம் உறைந்து, எதிரழுத்தம் தாளாமல் இதயத்தின் வலது கீழறை விரிந்துபோயிருக்கும்; கோவிட் காலத்தில் இதை நிறையவே பார்த்தோம். உண்மையிலேயே மாரடைப்பும் வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்காக இருந்தது.

ஆகவே, காய்ச்சலோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகாதீர்கள். வியர்த்தால் இறங்கிவிடும் என்று ஓடவும் வேண்டாம். ஓய்வாக இருக்கும்போது மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ அந்த நேரமே கிளம்புங்கள். "திணறல் ஒன்றும் இல்லையே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பிறகும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அது உடலின் எதிர்ப்பை அடக்கும்; முதல் நாளே அதை விழுங்குவது வைரஸுக்கு வழிவிடுவதாகும்.

கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள், முதியவர்கள் காய்ச்சலும் இருமலும் தொடங்கியதுமே மருத்துவரைப் பாருங்கள். இன்ஃபுளுயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். இவர்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசியும் தேவை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சலும் ஏறும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், தயவுசெய்து உங்கள் அப்பா அம்மாவைச் செப்டம்பரிலேயே அழைத்துப்போய்ப் போட்டுவிடுங்கள்.