பேப்பர் போடச் சொன்னால் போடாதீர்கள்: பாலின மாற்றத்துக்குப் பிறகு வேலையையும் வீட்டையும் காப்பது

அலுவலகத்தில் தன் பாலின அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்ன திருநங்கையையோ திருநம்பியையோ "நீ திருநர், அதனால் வேலை இல்லை" என்று யாரும் எழுதிக்கொடுத்து அனுப்புவதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று எச்.ஆருக்கு நன்றாகத் தெரியும். முதலில் வாடிக்கையாளரைப் பார்க்கும் வேலையிலிருந்து எடுப்பார்கள். அடுத்து, "கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே பாருங்களேன், உங்க வசதிக்குத்தான்" என்பார்கள். மீட்டிங் அழைப்பு வருவது குறையும். அடுத்த ரேட்டிங்கில் இரண்டு படி இறக்குவார்கள். பிறகு ஒரு மத்தியானம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்த ராஜினாமாக் கடிதத்தை மேசையில் நகர்த்தி வைப்பார்கள். அதில் உங்கள் பழைய பெயர் இருக்கும். பக்கத்திலேயே மூடி திறந்த பேனா.

"நீங்களே பேப்பர் போட்டுட்டா நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றோம். நாங்க டெர்மினேட் பண்ணா உங்க கரியருக்குத்தான் கஷ்டம்."

இந்த ஒரு வாக்கியத்தில் பயந்து கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் நான் அதிகம் மனு எழுதிக்கொடுத்திருக்கிறேன். கையெழுத்துக்குப் பிறகு எழுதும் மனுவில் வலு பாதிதான். அதனால் அந்த அறைக்குள் போவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. 2014-இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாள உரிமையை ஏற்றது. 2019-இல் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2020-இல் அதன் விதிகள் வந்தன. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வேலை மறுப்பதையும் வேலையைவிட்டு நீக்குவதையும் பாகுபாடு என்கிறது. வேலை சம்பந்தப்பட்ட எதிலும் பாகுபாடு கூடாது என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. அரசு, தனியார் இரண்டுக்கும் இது பொருந்தும். "நாங்க பிரைவேட், எங்களுக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பல்லில்லாத சட்டம் என்பது பிறகுதான் தெரியும். 9-ஆம் பிரிவை மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. தண்டனையைச் சொல்வது 18-ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். ஆனால் அதில் பட்டியலிட்டிருக்கும் குற்றங்களில் "வேலையிலிருந்து நீக்குவது" என்று தனியாக எதுவும் கிடையாது. அதனால்தான் காவல் நிலையத்துக்குப் போனால், "இது கம்பெனி மேட்டர், லேபர் ஆபீஸுக்குப் போங்க" என்கிறார்கள். லேபர் ஆபீஸில், "இது திருநங்கை சட்டம், சமூக நலத்துறைக்குப் போங்க." சமூக நலத்துறையில், "நல வாரிய அட்டை இருக்கா? தையல் மெஷின் வேணுமா?" பத்து வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தவரிடம் கேட்ட கேள்வி இது.

காவல் நிலையத்துக்குப் போகும்போது 18-ஆம் பிரிவின் (ஈ) உட்பிரிவைக் கையில் வைத்திருங்கள். ஆங்கிலப் பிரதியில் அது நான்காவது உட்பிரிவு. திருநரின் உடல்நலம், மனநலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தீங்கு செய்வதை அது குற்றம் என்கிறது. வாய்வழி, உணர்வுவழி, பொருளாதாரவழித் துன்புறுத்தல் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன. மனுவில் "என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. யார், என்றைக்கு, எந்த வார்த்தையைச் சொன்னார்கள், எந்த மாதம் எவ்வளவு சம்பளத்தைப் பிடித்தார்கள் என்று எழுத வேண்டும்.

இனி ராஜினாமா. தமிழ்நாட்டில் கடை, ஐ.டி. கம்பெனி, தனியார் அலுவலகம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. பழைய சட்டம்தான், ஆனால் இந்த விஷயத்தில் உபயோகமானது. அதன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது. நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னால் முறைப்படி விசாரணை நடத்தியிருக்க வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆனால் இந்தப் பிரிவு பேசுவது முதலாளி அனுப்பியதைப் பற்றி. நீங்களே பேப்பர் போட்டுவிட்டால் முதலாளி எங்கே அனுப்பினார்? மிரட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும். கண்ணாடி அறைக்குள் நடந்ததற்கு யார் சாட்சி சொல்வார்கள்? நேற்று வரை கூட டீ குடித்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

இதில் இன்னொரு கண்ணி, பதவிப் பெயர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை அந்தச் சட்டம் விட்டுவிடுகிறது. பெயருக்கு "அசிஸ்டென்ட் மேனேஜர்" என்று போட்டிருந்தாலும் உங்களுக்குக் கீழே ஆள் இல்லை, யாருக்கும் லீவு அனுமதிக்கும் அதிகாரம் இல்லை என்றால் அதைக் காட்டி வாதாடலாம். காலக்கெடு குறுகியது. ஊருக்குப் போய் மனசைத் தேற்றிக்கொண்டு வந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆக, கடிதத்தை நீட்டினால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "யோசிச்சு மெயில்ல பதில் சொல்றேன்." எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அன்றே உங்கள் சொந்த மெயிலிலிருந்து, "இன்று இத்தனை மணிக்கு இன்னின்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், எனக்கு விருப்பமில்லை" என்று எச்.ஆருக்கு எழுதுங்கள். அந்த மெயில் ஒன்றுதான் பின்னால் உங்களுக்கு இருக்கப்போகும் சாட்சி. கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றாலும், "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, கடைசியாகக் கணக்குத் தீர்க்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் அதையும் மெயிலில் பதியுங்கள்.

மெயில், ரேட்டிங் கடிதம், பாராட்டுக் கடிதம் எல்லாம் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். உங்கள் சொந்தத் தாள்களை மட்டும். கோபத்தில் வாடிக்கையாளர் தகவலையோ கம்பெனி கோப்பையோ வெளியே அனுப்பிவிட்டால், அவர்கள் தேடிக்கொண்டிருந்த காரணத்தை நீங்களே கையில் கொடுத்ததாகும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. என்ன சிகிச்சை என்று விளக்க வேண்டியதில்லை, ஆனால் லீவு விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் எழுத்தில் போயிருக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போனவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, "அறிவிப்பின்றி வேலைக்கு வரவில்லை" என்று வீட்டுக்குப் பதிவுத் தபால் போகிறது. அதை வாங்கிக் கிழித்துப்போட வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று: புகார் அலுவலர். சட்டத்தின் 11-ஆம் பிரிவும் 2020 விதிகளும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கின்றன. புகார் வந்து 15 நாளுக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அறிக்கை வந்து 15 நாளுக்குள் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். திருநருக்கான சம வாய்ப்புக் கொள்கையும் வெளியிட்டிருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் புகார் அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "அப்படி ஒருத்தரா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். இது உங்களுக்குச் சாதகம். "புகார் அலுவலரின் பெயர், மெயில் முகவரி தரவும்" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் புகாரை நேராக நிறுவனத் தலைவர் பெயருக்கே அனுப்புங்கள். புகார் அலுவலரே நியமிக்காத கம்பெனி, "நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை" என்று பின்னால் சொல்லும்போது அந்த மெயில் பேசும்.

வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, அடையாளம் தெரிந்ததும் வாசலிலேயே நிறுத்திய கதையும் நடக்கிறது. ஜேன் கௌஷிக் என்ற ஆசிரியை குஜராத் பள்ளி ஒன்றில் இதைச் சந்தித்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபரில் அவருக்கு இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம், சட்டத்தை அரசுகளே தூங்கவைத்துவிட்டன என்ற பொருளில் கடிந்துகொண்டது. சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. உங்கள் புகாரில் இந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிடுங்கள். கம்பெனியின் வக்கீல் படிப்பார்.

இனி காகிதங்கள். வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இவை. மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் சான்றிதழ்தான் அடிப்படை. திருநருக்கான தேசியப் போர்ட்டல் வழியாக விண்ணப்பிக்கிறோம். அது வந்தவுடன் ஆதாரை மாற்ற ஓடாதீர்கள். ஆதாரில் பாலினத்தைச் சாதாரண வழியில் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம், பெயரை இரண்டு தடவை. முதல் சான்றிதழில் "திருநர்" என்று வரும். சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால், கிடைத்த ஒரே வாய்ப்பை இப்போதே செலவழித்துவிட்டு பிறகு ஆதார் மண்டல அலுவலகத்துக்கு நடக்க வேண்டிவரும். எதை நிலையாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள். டோக்கன் எண் இருந்தாலும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும், திருநங்கையை "தம்பி, விரலை வைப்பா" என்பார்கள்.

ஆதார் மாறியதும் பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். மூன்றையும் அடுத்தடுத்து மாற்றுங்கள். ஒன்றை விட்டாலும் மற்றது சிக்கும். பி.எஃப்.தான் இதில் மோசம்: பழைய கணக்குகளில் பெயர், பாலினத் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் கேட்கும். உங்களை வெளியே அனுப்பிய அதே எச்.ஆரிடம் போய் அதற்காக நிற்க வேண்டாமென்றால், உள்ளே இருக்கும்போதே முடியுங்கள். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரையும் புதிய பெயரில் கேட்டு வாங்குங்கள். பழைய பெயரில் இருந்தால் அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் "ஆள் பொருந்தவில்லை" என்று சிவப்புக் குறி விழும், ஆஃபர் நிற்கும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுக்குப் பள்ளியில் கேட்டால் தேர்வுத்துறை என்பார்கள், தேர்வுத்துறையில் "ஹெச்.எம். வழியா வாங்க" என்பார்கள். 2020 விதிகளின் இணைப்பில் இந்தச் சான்றிதழ்கள் பெயர் சொல்லியே இருக்கின்றன; விண்ணப்பித்த 15 நாளுக்குள் மாற்றித்தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து, வரியை அடிக்கோடிட்டு, மனுவோடு பின் அடித்துக் கொடுங்கள். தபால் பிரிவில் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். "சார் கேம்ப் போயிருக்கார், மேசைல வெச்சுட்டுப் போங்க" என்றால் வைக்காதீர்கள். மேசையில் வைத்த மனுவுக்குத் தேதி கிடையாது. மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கப்புறம் பாதிப் பேர் தானாகவே கோப்பை எடுக்கிறார்கள்.

வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. குழுக் காப்பீடு போகிறது, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போகிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குகிறார்கள். பிறந்தநாளுக்கு போன் வராது. இதற்கெல்லாம் படிவம் இல்லை. அரசுத் திட்டங்கள் படித்து, உத்தியோகம் பார்த்து, அதை இழந்த திருநரை நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. மத்திய அரசின் ஸ்மைல் திட்டத்தில் ஒரு பாதி திருநருக்கு, மறுபாதி பிச்சை எடுப்போர் மறுவாழ்வுக்கு. எந்தக் கண்ணோட்டத்தில் போட்ட திட்டம் என்பது அதிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டின் மாத உதவித்தொகைக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும், ஆதரவற்றவராகவும் இருக்க வேண்டும். முப்பது வயதில் வேலை இழந்தவர் பத்து வருடம் காத்திருப்பாரா?

ராத்திரியில் பேச ஆள் இல்லாமல் மூச்சு முட்டினால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். பாலின மாற்றத்தை விளக்கவே முதல் பத்து நிமிடம் போகலாம். எடுத்தவருக்குப் புரியவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், வேறு ஆள் எடுப்பார். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, சட்ட உதவி.

வேலை போன கையோடு வீட்டிலும், "இனிமே இங்க இருக்காதே" என்று ஆரம்பிப்பார்கள். சம்பளம் வரும்வரை சகித்தார்கள், அவ்வளவுதான். இங்கே சட்டம் வேலை விஷயத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. பெற்றோரும் நெருங்கிய குடும்பத்தாரும் இருக்கும் வீட்டில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு, வெளியேற்றக் கூடாது என்கிறது 12-ஆம் பிரிவு. வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேற வைப்பது 18-ஆம் பிரிவில் நேரடிக் குற்றம். ஆய்வாளர், "பெத்தவங்க பேச்சைக் கேட்டு அனுசரிச்சுப் போப்பா" என்று சமரசம் பேசத்தான் பார்ப்பார். சமரசத்துக்கு ஒப்புக்கொண்டாலும் மனுவுக்கு ரசீது வாங்கிவிட்டே உட்காருங்கள்.

சான்றிதழ்கள், ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அசலையும் வீட்டு பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். வெளியேற்றுகிற நாளில் பீரோ சாவியைத் தர மாட்டார்கள்.