மீனவர் எச்சரிக்கையைப் படிப்பது எப்படி? கடல் பகுதி, நேரம், காற்று, கூண்டு

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று செய்தியில் வருவது ஒற்றை வரி. அந்த வரிக்கு ஆதாரம், இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் மீனவர் எச்சரிக்கை அறிக்கை. எந்தக் கடல், எந்த நாள், எவ்வளவு காற்று என்று பிரித்து, வரும் சில நாட்களுக்கும் சேர்த்து அதில் எழுதியிருக்கும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். செய்தியில் வரும் சுருக்கத்தை மட்டும் நம்பினால், தேவையான பாதி கைக்கு வராது.

முதலில் பார்க்க வேண்டியது கடல் பகுதி. எச்சரிக்கை கொடுப்பது கடலுக்கு, உங்கள் ஊருக்கு அல்ல. மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தென்மேற்கு வங்கக்கடல், அந்தமான் கடல், தென்கிழக்கு அரபிக்கடல், லட்சத்தீவு, மாலத்தீவு எனத் தனித்தனி வரிகள் இருக்கும். காலையில் போய் மாலையில் திரும்பும் ஃபைபர் படகுக்குத் தன் கரையோர வரி போதும். தூத்தூர், சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் தங்கி ஆழ்கடல் தொழில் செய்யும் படகுகளுக்கு அது போதாது. அவை அரபிக்கடலில் வெகு தூரத்தில் நிற்கும்போது "தமிழகக் கடலோரம்: எச்சரிக்கை ஏதுமில்லை" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. படகு இப்போது நிற்கும் பகுதி, நாளை போகப்போகும் பகுதி, கரைக்குத் திரும்பும் வழி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. தேதியை மட்டும் பார்த்து நள்ளிரவில் நாள் மாறுவதாகக் கணக்குப் போட்டால், விடியற்காலையில் புறப்படுகிறவருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பிசகும். அறிக்கை வெளியான நேரத்தையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பல முந்தைய நாள் படங்கள்.

காற்றைப் பற்றி அறிக்கையில் வரும் வாசகம் அநேகமாக இப்படி இருக்கும்: "சூறாவளிக் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்." இந்தச் 'சூறாவளி' புயலைக் குறிப்பதல்ல, விட்டுவிட்டு வேகமெடுக்கும் காற்றைக் குறிக்கிறது. புயலே இல்லாத ஆனி, ஆடி மாதங்களிலும் இந்த வரி வரும். அதனாலேயே பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். கவனிக்க வேண்டியது 'இடையிடையே' வரும் எண்ணைத்தான். காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியில் ஏறும். 45-இலிருந்து 55-க்குப் போனால் வேகம் பத்துதானே கூடுகிறது என்று தோன்றும். படகின் மேல் விழும் அழுத்தமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சில அறிக்கைகளில் வேகம் 'நாட்' (knot) என்ற அலகில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 30 நாட் என்பதை 30 கிலோமீட்டர் என்று படித்துவிட்டால் கதை முடிந்தது.

அலை உயரத்துக்குப் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், அலைக்காலம், நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பைத் தருகிறது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்பதுபோலக் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து உயர் அலை எச்சரிக்கையும் விடுகிறது. அதில் வரும் அலை உயரம் உச்ச அளவு அல்ல. அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அன்றைக்கு ஏதாவது ஒரு நேரத்தில் 4 மீட்டரை நெருங்கும் ஓர் அலை வருவது இயல்பே. 2.5 மீட்டரைத் தாண்டினால் கடல் கொந்தளிப்பு, 4 மீட்டரைத் தாண்டினால் கடும் கொந்தளிப்பு என்று வகை பிரிக்கிறார்கள். தமிழாக்கம் அறிக்கைக்கு அறிக்கை மாறுவதால், சொல்லை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

அலைக்காலத்தைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 15 நொடிக்கு மேல் இருந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை அல்ல. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலிலிருந்து உருண்டு வருவது. கள்ளக்கடல் என்கிறோமே, அதுதான். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஆழ்கடலில் நிற்கும் படகு லேசாக ஏறி இறங்கும், அவ்வளவே. ஆழம் குறையும் இடத்தில்தான் அதே அலை எழுந்து உடைகிறது. ஆகவே ஆபத்து கரையிலும் துறைமுக முகத்துவாரத்திலும். கன்னியாகுமரி மாவட்ட லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில். கள்ளக்கடல் அறிவிப்பு வந்தால் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டாம். கட்டி நிறுத்திய படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

புயல் என்றால் வேறு ஏற்பாடு. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இல் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் அதி தீவிரப் புயல். எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும்: 72 மணி நேரத்துக்கு முன் புயல் கண்காணிப்பு, மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரத்துக்கு முன் ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன் ஒன்று, கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன் கடைசியாக ஒன்று. கரைக்கு அருகிலேயே உருவாகும் புயலுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாகி, மறுநாளே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. 72 மணி நேரம் எங்கே இருக்கிறது? தாழ்வு மண்டலம் பக்கத்தில் இருந்தால், புயல் என்ற சொல்லுக்காகக் காத்திருக்காமல் திரும்பிவிடுவதே சரி.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. பகலில் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பது பாதி உண்மைதான். 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு திசை. புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. வங்கக்கடல் புயல் மேற்கு நோக்கி வரும்போது வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்து, தண்ணீரையும் ஊருக்குள் தள்ளும். தெற்கே இருக்கும் துறைமுகத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கட்டு அறுந்த படகு வெளிக்கடலுக்குப் போகும்.

வானிலைத் துறை எச்சரிக்கை தருமே தவிர, யாரையும் தடுக்காது. தடுப்பது மாநில மீன்வளத் துறை. விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை நிறுத்திவைப்பது அதன் கையில். நாட்டுப்படகுகளுக்குப் பல இடங்களில் டோக்கன் நடைமுறையே இல்லை. ஒலிபெருக்கியும் ஊர்க் கமிட்டியும்தான்.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசி எடுக்காது. ஒக்கியில் நடந்ததும் அதுதான்: எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் படகுகள் ஏற்கெனவே எட்டாத தூரத்தில் இருந்தன. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் கைபேசிக்குத் தரும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. அது ஒருவழி, படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இப்போது பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை இலவசமாகப் பொருத்துகிறார்கள். 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கிய திட்டம் இது. படகின் பதிவுச் சான்றோடு மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். படகு கைமாறியும் பதிவு பழைய பெயரிலேயே இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். கருவி கொடுத்த ஆபத்துச் செய்தி யாருடைய படகு என்று கடலோரக் காவல்படை பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

கடலில் மாட்டிக்கொண்டால் படகின் விஎச்எஃப் (VHF) ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை. கரையில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. படகின் பெயர், பதிவு எண், ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாகத் தெரிந்த ஜிபிஎஸ் புள்ளி ஆகியவற்றை இந்த வரிசையில் சொல்லுங்கள். படகில் போன ஒவ்வொருவரின் பெயரும் எழுதிய தாள் ஒன்று கரையில் யாரிடமாவது இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவரின் பெயர்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. இறந்தால் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும் குழு விபத்துக் காப்பீட்டுக்கு அவர் குடும்பம் அலையும்போது, அவர் அந்தப் படகில் போனார் என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்கும்.